அரக்குத் தட்டுகளில் வாழும் குரல்கள்

1994 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கொழும்பின் பழைய புகையிரத நிலையங்களைப் பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதும்படி ஆசிரியர் பணித்திருந்தார். தகவல் தேடித் தெஹிவளையில் ஒரு வீட்டுக்குச் சென்றேன். அங்கே வசித்தவர் புகையிரத சேவையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பறங்கியர். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். போகும் வழியில் இரண்டு இடங்களில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. பெயரை வாசித்த மாத்திரத்திலேயே ஒருவன் யார், எப்பக்கத்தவன் என்று முடிவுகட்டிவிடும் காலம் அது.

பேச்சு முடிந்ததும் பெரியவர் கூடத்தின் மூலையில் இருந்த கிராமபோனின் கைபிடியைச் சுற்றினார். ஊசியை மாற்றினார். தட்டைச் சுழலவிட்டார். முதலில் எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற இரைச்சல். பின்னர் ஆண் குரல்கள். ஒன்று முன்னே வந்தது, மற்றொன்று அதனடியிலிருந்து முளைத்தது, இன்னொன்று நிலத்துக்குக் கீழே முழங்கியது. மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அது 'ரெவலர்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் இசைத்தட்டு.

"எத்தனை பேர் பாடுகிறார்கள்?" என்று கேட்டார். நால்வர் என்றேன். மறுபடியும் போட்டார். ஐவர் என்றேன். எந்தக் குரல் எங்கே முடிந்து எந்தக் குரல் எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே, இதன் இன்பமே அந்தப் பிரிக்க முடியாமையில்தான் இருக்கிறது என்றார். பிறகு சற்று நிறுத்தி, இந்தத் தட்டுகளைக் கேட்டுப் பேர்லின் நகரத்தில் அறுவர் பாடத் தொடங்கினார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா என்று வினவினார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன் நான். ஹிட்லரின் ஆட்சியைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அறுவரைப் பற்றி எந்த நூலும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்று தொடங்கிய ஆர்வம் இன்றுவரை என்னை விடவில்லை. இசைத்தட்டு யுகத்தின் தொடக்க காலத்தில் பாடிய குரற்குழுக்களைத் தேடித்தேடிக் கேட்டு வருகிறேன். நான் இசை கற்றவன் அல்லன். அக்காலத்து வரலாற்றை அறிவதற்கு அந்தத் தட்டுகள் நூல்களுக்கு நிகரானவை என்பதை மட்டும் கண்டுகொண்டேன்.

நம்மில் பலருக்கு இந்த இசை முதலில் அந்நியமாகவே தோன்றும். நமது கோயிலில் பத்துப் பேர் கூடித் தேவாரம் பாடினாலும், பஜனையில் நூறு பேர் பாடினாலும், எல்லோரும் ஒரே சுரத்தைத்தான் பாடுகிறார்கள். குரல்கள் பல, பாட்டு ஒன்று. மேற்குலகின் நால்வர் பாட்டோ ஒரே கணத்தில் நான்கு வெவ்வேறு சுரங்களைப் பாடுவது. முதல் டெனர் மேலே செல்வார், இரண்டாம் டெனர் பெரும்பாலும் மெட்டைத் தாங்குவார், பரிட்டோன் இடைவெளியை நிரப்புவார், பேஸ் எனப்படும் கீழ்க்குரல் அடித்தளம் இடும். தனித்தனியாகக் கேட்டால் இவற்றுள் மூன்று பாட்டாகவே தோன்றாது. நான்கும் சேரும்போதுதான் பாட்டு பிறக்கிறது. புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முதல் முறை மெட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை மெட்டை விட்டுவிட்டுக் கீழ்க்குரலை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை எதையும் தேடாமல் கேளுங்கள்.

இனி இந்தக் குழுக்கள் தட்டுக்குள் புகுந்த கதைக்கு வருவோம். எடிசன் தமது ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877 இல். அதில் ஒலி பதிந்தது வெள்ளீயத் தாளின் மீது. 1880களின் இறுதியில் மெழுகு உருளைகள் வந்த பின்னரே அது வணிகமாயிற்று. அலுவலகங்களில் கடிதம் சொல்லி எழுதுவிக்கும் கருவியாகவே முதலில் விற்கப்பட்டது. 1889 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் மதுக்கடை ஒன்றில், காசு போட்டால் பாடும் கருவி ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து சதம் போட்டுக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ இரண்டு நிமிடம் பாட்டு. மக்கள் வரிசையில் நின்றார்கள். அலுவலகக் கருவி அன்றே கேளிக்கைக் கருவியாயிற்று.

அக்கருவிக்கு எந்த இசை பொருந்தும்? மின்சாரமோ ஒலிவாங்கியோ இல்லாத காலம். பாடகர் ஒரு தகரக் கூம்பினுள் உரத்துப் பாட வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வே ஒரு மெல்லிய தகட்டை ஆட்டி, ஊசியைச் செலுத்தி, மெழுகில் கோடு கீறியது. ஒலியின் மேல் எல்லையில் ஏறத்தாழ 2,000 அதிர்வுகளுக்கு அப்பாற்பட்டவை பெரும்பாலும் தொலைந்துபோயின. மிகத் தாழ்ந்த ஒலிகளும் அப்படியே. வயலின் மெலிந்து கேட்டது. அதற்கென்றே கூம்பு பொருத்திய தனி வயலினைச் செய்தார்கள். பெண் குரல் பல வேளைகளில் கீச்சிட்டது. ஆனால் ஆண் குரல்கள் அந்தக் குறுகிய எல்லைக்குள் நன்றாகவே அடங்கின. நான்கு ஆண்கள் ஒரு கூம்பின் முன்னால் தலையோடு தலை முட்ட நெருங்கி நிற்கலாம். பின்னணிக்கு வாத்தியக்குழு இல்லாமலும் முழுமையான இசை கிடைக்கும். நால்வர் குழு ஒலிப்பதிவின் செல்லப்பிள்ளை ஆனதற்குக் காரணம் இத்தகைய தொழில்நுட்ப வசதிதான்.

பாடியவர்களின் பாடு இலேசானதாக இருக்கவில்லை. உரத்த சுரம் வந்தால் பின்னால் சாய வேண்டும், மெல்லிய சுரம் வந்தால் கூம்புக்குள் முகம் புதைக்க வேண்டும். ஒருவர் தும்மினாலும் மெழுகு வீண். 1890களில் உருளைகளைப் பெருந்தொகையாகப் பிரதியெடுக்கும் வழி கைகூடவில்லை. சில கருவிகளைச் சுற்றி நிறுத்திவிட்டு ஒரு முறை பாடினால் சில உருளைகள் கிடைக்கும். மேலும் வேண்டுமானால் மீண்டும் பாட வேண்டும். ஒரே பாட்டை நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பாடினார்கள். அச்சில் வார்க்கப்பட்ட உருளைகளை எடிசன் நிறுவனம் 1902 இல் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே இந்தச் சுமை இறங்கியது.

இதனால் ஒலிப்பதிவுக்கூடமே வாழ்க்கையாகக் கொண்ட பாடகர் கூட்டம் ஒன்று உருவாகியது. எடிசன் நிறுவனத்துக்காக 'எடிசன் நால்வர்' என்ற பெயரில் பாடியவர்களே ஏனைய நிறுவனங்களுக்கு 'ஹெய்டன் நால்வர்' ஆனார்கள். பில்லி மரி என்ற டெனர் முன்னின்று பாடிய குழு, விக்டர் நிறுவனத்தின் தட்டில் 'அமெரிக்கன் நால்வர்', எடிசன் நிறுவனத்தின் தட்டில் 'பிரீமியர் நால்வர்'. ஹென்றி பர் என்ற மற்றொரு டெனரைக் கொண்ட 'பியர்லெஸ் நால்வர்' 1920களின் பிற்பகுதி வரை பதிவு செய்துகொண்டேயிருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் இவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை. பெயர் மாறினாலும் குரல் மாறவில்லை. தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கும், உள்ளே யார் பாடுகிறார் என்பதற்கும் உள்ள தூரத்தை நான் முதலில் அறிந்தது இவர்களிடம்தான்.

ஆனால் ஒரு சாரார் விடயத்தில் மட்டும் அந்தத் தாள் மிகக் கவனமாக உண்மையைச் சொன்னது.

கறுப்பினப் பாடகர்கள் நால்வர் பாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். முடிதிருத்தும் கடைகளிலும் தேவாலயங்களிலும் தெருமுனைகளிலும் கூடிப் பாடுவது அவர்களின் வாழ்வோடு ஒன்றியிருந்தது. 'யுனிக் குவார்ட்டெட்' என்ற கறுப்பினக் குழு 1890 டிசம்பரிலேயே நியூயோர்க்கில் உருளைகளில் பாடியிருக்கிறது. அவர்கள் பாடியவற்றுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1893 ஆம் ஆண்டளவில் பதிவான ஒன்றை நான் கேட்டேன். இரைச்சல் என்னும் அடர்மழைக்கு அப்பால், தெருவின் மறுபக்கத்தில் நின்று நால்வர் பாடுவது போலிருந்தது. முதல் முறை எதுவும் பிடிபடவில்லை. ஐந்தாம் முறை கேட்டபோது மழை பின்னால் போயிற்று, மனிதர்கள் முன்னால் வந்தார்கள். அந்த உருளையின் பாட்டுக்கூடக் கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்கும் வகையைச் சேர்ந்தது என்பது தலைப்பிலேயே தெரியும். ஆயினும் குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் விதத்தில் கேலி இல்லை.

1902 ஒக்டோபரில் விக்டர் நிறுவனம் வெர்ஜீனியா மாநிலத்தின் டின்விடிப் பகுதியிலிருந்து வந்த நால்வரைப் பதிவு செய்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான தொழிற்பாடசாலை ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காகவே அக்குழு பாடத் தொடங்கியது. ஒருபக்கத் தட்டுகளாக ஆறு வெளிவந்தன. வாத்தியம் இல்லை. ஒருவர் அழைக்கிறார், மூவர் விடையளிக்கிறார்கள். அந்த வேகத்தையும் தாளத்தின் துள்ளலையும் அதே ஆண்டுகளின் வெள்ளையர் குழுக்களிடம் நான் கேட்டதில்லை. தட்டில் அவர்களுடைய பெயர் 'டின்விடி கலர்ட் குவார்ட்டெட்' என்று அச்சிடப்பட்டது. 'நிறத்தவர் நால்வர்' என்று பொருள். ஹெய்டன் நால்வரின் தட்டில் 'வெள்ளையர் நால்வர்' என்று யாரும் அச்சிடவில்லை. குரலுக்கு நிறம் இல்லை. எனவே நிறத்தைத் தாளில் ஒட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பழைய தட்டுகளைக் கேட்டு மகிழ்வதில் ஒரு சங்கடம் உண்டு. அதை மறைத்துவிட்டு இவற்றைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் மிகுதியாக விற்பனையான பாடல்களில் ஒரு பெரும்பகுதி, கறுப்பின மக்களின் பேச்சையும் உணவையும் நடத்தையையும் நையாண்டி செய்தவை. இனிமையான குரல்கள், நேர்த்தியான இணைவு, ஆனால் சொற்கள் நஞ்சு. மெட்டில் மயங்கித் தலையசைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் வந்து முகத்தில் அறையும். பெயரைச் சொல்லவே நாணம் தரும் சொல் அது. அந்தத் தட்டுகளை விலக்கிவிடவேண்டுமா? வேண்டாம் என்பதே என் முடிவு. ஒரு சமூகம் தன் கூடத்தில் அமர்ந்து எதைக் கேட்டுச் சிரித்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

1909 ஆம் ஆண்டின் இறுதியில் இரு மாதங்களுக்குள் நிகழ்ந்த இரண்டு ஒலிப்பதிவுகளை நான் அடிக்கடி அடுத்தடுத்துக் கேட்பதுண்டு.

நவம்பரில் எடிசன் நிறுவனம் பதிவு செய்தது போக் மில்லரையும் அவருடைய 'பழைய தெற்கு நால்வர்' குழுவையும். மில்லர் ரிச்மண்ட் நகரத்து மருந்துக்கடைக்காரர். வெள்ளையர். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காத்து நின்ற தென் மாநிலங்களின் படையில் இருந்தவர். அவருடன் பாடிய நால்வரும் கறுப்பினத்தவர். பழைய தோட்ட வாழ்வின் 'இனிய நாட்களை' மேடையில் மீட்டுக் காட்டுவது அவருடைய தொழில். மார்க் ட்வெய்ன் இக்குழுவை வியந்து பாராட்டியிருக்கிறார். அந்த உருளைகளில் ஒன்று தென் மாநிலப் படையின் போர்ப்பாட்டு. மில்லர் பாட, பின்பாட்டுப் பாடுகிறார்கள் அந்த நால்வரும். தம் பெற்றோரை அடிமைகளாக வைத்திருக்கப் போரிட்ட படையின் கொடியை வாழ்த்தி அவர்கள் எடுக்கும் குரலில் குறையேதும் இல்லை. சுரம் பிசகவில்லை. அவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பதைக் கூம்பு பதிவு செய்யவில்லை. மில்லருடைய தட்டைக் கேட்டு முடித்தபின் நான் எப்போதும் சிறிது நேரம் எதையும் போடாமல் இருப்பேன்.

டிசம்பரில் விக்டர் நிறுவனம் பதிவு செய்தது ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜூபிலிப் பாடகர் நால்வரை. இவர்களின் கதையைச் சற்று முன்னிருந்து சொல்ல வேண்டும். அடிமை முறை ஒழிந்ததும் விடுதலை பெற்றவர்களின் கல்விக்காக டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1866 இல் தொடங்கப்பட்ட நிலையம் ஃபிஸ்க். ஐந்தே ஆண்டுகளில் அது கடனில் மூழ்கியது. அதன் பொருளாளர் ஜோர்ஜ் வைட், மாணவர்கள் ஒன்பது பேரைத் திரட்டிக்கொண்டு 1871 ஒக்டோபர் 6 ஆம் திகதி பாட்டுப் பயணம் புறப்பட்டார். அவர்களிற் பெரும்பாலானோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தொடக்கத்தில் வெள்ளையருக்குப் பழக்கமான பாடல்களையே மேடையில் பாடினார்கள். அடிமைக் காலத்துப் பக்திப் பாடல்களைப் பிறர்முன் பாட அவர்களுக்கு விருப்பமில்லை. அவை பெற்றோரின் துயரத்தோடு கலந்தவை, புனிதமானவை, அந்நியரின் கேளிக்கைக்கு உரியவையல்ல என்று கருதினார்கள். தயக்கத்தோடு அவற்றைப் பாடியபோதுதான் அரங்குகள் அசைந்தன. 1872 இல் வெள்ளை மாளிகையிலும் 1873 இல் விக்டோரியா மகாராணி முன்னிலையிலும் பாடினார்கள். திரட்டிய பணத்தில் 1876 இல் ஜூபிலி மண்டபம் எழுந்தது. இன்றும் அது நிற்கிறது. பின்னாளில் பாடகர் ஃபிரடெரிக் லவுடின் நடத்திய குழு அவுஸ்திரேலியா, இந்தியா, ஜப்பான் வரை சென்று பாடியது.

1909 இல் கூம்பின் முன்னால் நின்றவர்கள் அந்த மரபின் அடுத்த தலைமுறையினர். தலைமை தாங்கியவர் ஜோன் வெஸ்லி வேர்க், ஃபிஸ்க்கில் இலத்தீன் மொழியும் வரலாறும் கற்பித்த ஆசிரியர். அடிமைக் காலப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர். விண்ணுலகிலிருந்து இறங்கி வரும் தேரைப் பாடும் அந்தப் புகழ்பெற்ற பாட்டை அவர்கள் அன்று பதிவு செய்தார்கள். ஆர்ப்பாட்டமில்லை. ஒருவர் மேலே நின்று அழைக்கிறார், மூவர் தாழ்ந்து விடை தருகிறார்கள். இரைச்சல் தேய்ந்து ஒரு கட்டத்தில் அந்த இணைவு மட்டும் எஞ்சுகிறது. ஒரு மாதத்துக்கு முன்னர் வேறொரு நகரில் வேறு நால்வர் அந்தப் போர்ப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியிருந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே மக்கள். யார் எதைப் பாட வாய்ப்புக் கிடைத்தது என்பது மட்டுமே வேறுபாடு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2002 ஆம் ஆண்டுக்கான முதற்பட்டியலை வெளியிட்டபோது, ஃபிஸ்க் நால்வரின் இந்தத் தட்டையும் அதில் சேர்த்தது.

இந்தத் தட்டுகள் எதனால் ஆனவை என்பதிலும் நமக்கு ஒரு செய்தி உண்டு. பிளாஸ்டிக் வருவதற்கு முன்னர், இசைத்தட்டு வார்க்கும் கலவையைப் பிணைத்தது அரக்கு. கற்பொடி, கரி ஆகியவற்றோடு அதைச் சேர்த்து வெப்பத்தில் அழுத்தினார்கள். உலகத்துக்கு வேண்டிய அரக்கின் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து சென்றது. பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் கோடிக்கணக்கான அரக்குப் பூச்சிகள் கசிந்து வைத்ததை ஏழை மக்கள் சுரண்டி எடுத்து விற்றார்கள். 1942 இல் யுத்தம் காரணமாக அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்க அரசு இசைத்தட்டுத் தொழிலுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு அந்தப் பிணைப்பு நெருக்கமாக இருந்தது. நமது இதிகாசத்தில் அரக்கு மாளிகை பாண்டவரை எரிப்பதற்காகக் கட்டப்பட்டது. இங்கே அதே அரக்கு மனிதக் குரலைக் காத்து வைத்திருக்கிறது.

1925 ஆம் ஆண்டில் கூம்பின் காலம் முடிந்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் ஒலிவாங்கி மூலம் மின்சாரத்தால் பதிவு செய்யத் தொடங்கின. அதுவரை நால்வருக்கே இடம் போதாதிருந்த நிலை மாறி, அவ்வாண்டு மார்ச் 31 ஆம் திகதி நியூயோர்க்கின் மெற்றொபொலிற்றன் இசை அரங்கில் 850 ஆண்கள் ஒருமித்துப் பாடியதைக் கொலம்பியா நிறுவனம் ஒரே தட்டில் அடக்கிக் காட்டியது. இனி உரத்துப் பாட வேண்டியதில்லை. காதோடு பேசுவது போலவும் பாடலாம். பழைய குழுக்களிற் பல இந்த மாற்றத்தில் மங்கிப்போயின. தப்பியவர்களுள் 'ஷானன் நால்வர்' முக்கியமானவர்கள். 1917 முதல் கூம்பின் முன் பாடியவர்கள், 1925 இல் பியானோக் கலைஞர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஜாஸ் தாளத்தில் மென்குரலில் பாடிப் புதுப்பெயர் சூடினார்கள். அந்தப் பெயர்தான் ரெவலர்ஸ். தெஹிவளையில் நான் கேட்ட குரல்கள் அவைதாம்.

இப்போது அந்தப் பேர்லின் அறுவரிடம் வரலாம்.

ஹரி ஃபுரோமர்மான் என்ற வேலையற்ற இளைஞருக்கு ரெவலர்ஸ் தட்டுகள் மீது அடங்காத காதல். அதுபோன்ற ஒரு குழுவை ஜேர்மனியில் அமைக்க விரும்பி, 1927 டிசம்பரில் பேர்லின் நாளிதழ் ஒன்றில் சிறு விளம்பரம் கொடுத்தார். வறுமைக்கு அஞ்சிய அந்த நாட்களில் பலர் வந்தார்கள். தேறியவர்கள் சிலரே. இறுதியில் அமைந்த குழுவில் பல்கேரியாவிலிருந்து வந்த டெனர் அரி லெஷ்னிகோஃப், போலந்தில் பிறந்த பரிட்டோன் ரோமன் சிக்கோவ்ஸ்கி, எரிக் கொலின், கீழ்க்குரல் ரொபர்ட் பிபெர்ட்டி, பியானோ வாசித்த எர்வின் பூட்ஸ் ஆகியோர் ஃபுரோமர்மானுடன் இணைந்தார்கள். 'கொமெடியன் ஹார்மொனிஸ்ட்ஸ்' என்பது பெயர். 1928 இல் மேடையேறினார்கள். வெகு விரைவில் ஜேர்மனி எங்கும் அவர்களின் பாட்டே ஒலித்தது. எக்காளத்தையும் ஏனைய வாத்தியங்களையும் வாயாலேயே ஒலித்துக் காட்டுவார்கள். அற்ப விடயங்களைப் பற்றிய வேடிக்கைப் பாட்டுகளைப் பளிங்கு போன்ற நேர்த்தியுடன் பாடுவார்கள்.

ஃபுரோமர்மான், சிக்கோவ்ஸ்கி, கொலின் ஆகிய மூவரும் யூதர் அல்லது யூத வம்சாவளியினர். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவர்களின் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக இரத்தாகின. 1934 மார்ச்சில் ஹனோவர் நகரில் நடந்ததே அறுவரும் ஜேர்மனியில் பாடிய கடைசிக் கச்சேரி. 1935 பெப்ரவரியில் அரசின் இசை நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. யூதரல்லாத மூவர் தொழிலைத் தொடரலாம், ஆனால் மற்ற மூவருடன் சேர்ந்து பாடக் கூடாது. அந்த மூவருக்கு ஜேர்மனியில் பாடவே இடமில்லை.

குழு இரண்டாக உடைந்தது. மூவர் நாட்டைவிட்டு வெளியேறி வியன்னாவில் வேறு பாடகர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜேர்மனியில் தங்கிய மூவரும் வேறு பாடகர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இரு பகுதியினரும் மேலும் சில ஆண்டுகள் தட்டுகள் வெளியிட்டார்கள். இரண்டையும் கேட்டிருக்கிறேன். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் மற்றப் பாதி இல்லாத இடம் காதுக்குத் தெரிகிறது. அறுவரும் அதன்பின் ஒருபோதும் சேர்ந்து பாடவில்லை. சிக்கோவ்ஸ்கி அமெரிக்காவில் யூத ஆலயத்தில் வழிபாட்டுப் பாடகரானார். அறுவருள் கடைசியாக, 1998 இல், தமது 97 ஆம் வயதில் காலமானார். 1976 இல் எபர்ஹார்ட் ஃபெக்னர் அப்போது உயிரோடிருந்தவர்களைத் தேடிச் சென்று எடுத்த தொலைக்காட்சி ஆவணப்படமே இவர்களை ஜேர்மனியருக்கு மீண்டும் நினைவூட்டியது.

1935 க்கு முந்திய தட்டொன்றைக் கேட்கும் எவரேனும் இதில் எந்தச் சுரம் யூதருடையது, எந்தச் சுரம் மற்றவருடையது என்று பிரித்துக் காட்ட முடியுமா? ஓர் அரசு தன் முழு அதிகாரத்தையும் கொண்டு ஆறு மனிதர்களைப் பிரித்தது. தட்டில் ஏற்கெனவே இணைந்துவிட்ட குரல்களை அதனால் பிரிக்க முடியவில்லை. அந்தப் பறங்கிப் பெரியவர் எனக்குச் சொல்ல விரும்பியது இதைத்தான். அதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் அதே இரண்டு இடங்களில் அடையாள அட்டையை நீட்டியபோது எனக்கு விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அதில் வாழ்ந்தார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது உயிரைத் தவிர வேறெதையும் தூக்கிச் செல்ல முடியவில்லை. பின்னர் திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, அது இருந்த அறையும் இல்லை. அதனால்தான், 1893 இல் பாடிய நால்வரின் மெழுகு உருளை ஒன்று எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது என்று அறியும்போது எனக்கு மகிழ்ச்சியும் பொறாமையும் ஒன்றாக எழுகின்றன.

தப்பியவை இன்று எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் உள்ளன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாக நூலகம் 2005 முதல் ஆயிரக்கணக்கான உருளைகளை இணையத்தில் ஒலிக்கச் செய்கிறது. காங்கிரஸ் நூலகம் 2011 இல், விக்டர் நிறுவனத்தின் கூம்புக் காலத் தட்டுகள் பத்தாயிரத்தைத் திறந்துவைத்தது. கறுப்பினத்தவரின் தொடக்க காலப் பதிவுகளைப் பற்றி டிம் புரூக்ஸ் 2004 இல் எழுதிய பெருநூல், மறந்துபோன பல பெயர்களை மீட்டுத் தந்தது. அமெரிக்கச் சட்டத் திருத்தம் ஒன்றினால் 1923 க்கு முந்திய ஒலிப்பதிவுகள் யாவும் 2022 ஜனவரி 1 ஆம் திகதி பொதுச்சொத்தாயின.

கேட்கப் புகுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கூம்புக் காலத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கில் சுழன்றவை அல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் வேகம் மாறியது. வேகம் பிழைத்தால் கீழ்க்குரலும் டெனராகிவிடும், துயரப் பாட்டும் கேலிப் பாட்டாகிவிடும். மற்றையது, இரைச்சலை முற்றாகத் துடைத்த பிரதிகளைத் தேடாதீர்கள். துடைக்கும்போது குரலின் தோலும் சேர்ந்து உரிந்துவிடுகிறது. காதுக்குச் சற்று நேரம் கொடுத்தால் அதுவே துடைத்துக்கொள்ளும்.

பெரியவர் சில ஆண்டுகளின் பின் பிள்ளைகளோடு மெல்பேர்ணுக்குக் குடிபெயர்ந்தார். புறப்படுமுன் அழைத்து, அன்று கேட்ட ரெவலர்ஸ் தட்டை எனக்குத் தந்தார். அதன் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு உடைவு. என்னிடம் கிராமபோன் இருந்ததில்லை, இன்றும் இல்லை. தட்டு என் மேசைக்கு மேலே சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதே பாட்டை இணையத்தில் கேட்கும்போது அதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். எத்தனை பேர் பாடுகிறார்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டேன்.